பனிமூட்டம் குடித்தது போக

வட்டக்கானல் விடுதியில்
பூச்செடி வைப்பதற்கென்று
தூத்துக்குடி வழியாக வந்திறங்கிய
ஆறு ஸ்பெயின் பீப்பாய்களில்
ஐந்தை இடுப்போடு அறுத்து
ஜெரேனியம் நட்டார்கள்.
ஆறாவதற்குள் ரம்பம் மழுங்கிவிட்டது.
எண்ணூறு ரூபாய். இறக்குகூலி தனி.

தெக்லா உள்ளே மூக்கை விட்டு
நெடுநேரம் எடுக்கவில்லை.
"கிராம்பு, பழைய பைபிள் அட்டை,
யாரோ புகைத்துவிட்டுப் போன அறை."

அவள் அண்ணன் இருதயராஜ் தச்சன்.
உள்பக்கத்தை இழைத்து
சிரட்டையில் தீ மூட்டி வாட்டித் தந்தான்.
மூன்று வருஷம் திறக்காதே என்றான்.
பழசாக ஆகத்தானே உசத்தி.

எங்கள் பழம் கம்பத்துப் பன்னீர்.
பந்தலுக்கடியில் குனிந்து போய் வாங்கியது.
வருஷத்தில் மூன்று காய்ப்பு,
கவாத்து காயுமுன் மறுதுளிர்,
ஞாயிற்றுக்கிழமை இல்லாத மில் போல
உறங்கியே அறியாத கொடி.
முந்நூறு கிலோ. என் பி.எஃப். பணம்.

நான் அறை துடைக்கிறவன்.
விருந்தாளி ஒருவர் விட்டுப்போன
கால் பாட்டில் ஸ்பெயின் ஒயினை
ஃப்ளாஸ்கில் கொண்டுவந்தேன் ஒருநாள்.
முதலில் ஒன்றுமே இல்லை.
பிறகு புளிப்பு ஒரு நூல் இழுத்தது,
அந்த நூலைப் பிடித்துக்கொண்டு
செர்ரி வந்தது, ஈரத் தோல்வார் வந்தது.
விழுங்கிய பின்னும்
கதவைச் சாத்தாமல் நின்றது.

அவர் சொல்லியிருந்தார்:
அங்கே பகலில் கல் வெடிக்கும்,
இரவில் ஸ்வெட்டர் தேடும்.
பகல் சர்க்கரையை ஏற்றிக்கொண்டே போகும்,
இரவு வந்து புளிப்பைக் காவல் காக்கும்.

எங்களிடமும் இரண்டும் உண்டு.
வெயில் கம்பத்தில்,
குளிர் வட்டக்கானலில்.
நடுவே வத்தலக்குண்டு சுற்றி வரும்
தக்காளி லாரி.
ஒரே கொடிக்கு இரண்டும் கொடுக்க
மலையை யார் நகர்த்துவது?

பதினோராவது மாதம் பொறுக்காமல்
குழாயைத் திருகினேன்.
தச்சுப்பட்டறை வந்து விழுந்தது டம்ளரில்.
வெனிலா, மரத்தூள், மேலும் மரத்தூள்.
அத்தனை நோஞ்சான் பழத்திடம்
அத்தனை பேச்சு பேசியிருக்கிறது மரம்.

மறு வருஷம் அவளுடைய சீட்டுப் பணம்.
ஜனவரிக் காய்ப்பாகப் பார்த்து,
இனிப்பேறுமுன் பறித்த பத்துக் கூடையும் கலந்து
சனிக்கிழமைதோறும் ஒரு ஸ்பூன்;
காலண்டரில் ஒரு புள்ளி.
கதவிடுக்கில் மூட்டம் நுழைந்து
பீப்பாயைத் தடவிவிட்டுப் போகும்.
ஏழாவது புள்ளியில் "போதும்" என்றாள்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.
"மரம் தொண்டையைச் செருமுது.
பேச ஆரம்பிக்குமுன்னே எடு."

அளந்தோம். விளிம்பிலிருந்து
இரண்டு விரற்கடை காணோம்.
மூட்டம் குடித்தது போக மீதி
ஹார்லிக்ஸ் பாட்டில்களில்.

ஸ்பெயின் இல்லை இது.
நூல் இருக்கிறது, மெல்லிசாக,
நடுவில் ஒருமுறை அறுந்து, மறுபடி.

இருதயராஜ் குடித்துப் பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினான்:
"என்ன தங்கச்சி, மரமே தெரியலையே?"

தெக்லா அவனுக்கு
இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.