ஏழு குறில், ஒரு நெடில்

மாங்குளம் சந்தியில் பஞ்சர் ஒட்டுகிறேன்.
அதற்கு முன் ஒன்பது வருசம்
உல்லாசக் கப்பலில் கட்டில் விரித்தவன்.
நாளுக்குப் பதினாறு அறை,
மெத்தைக்கு மெத்தை
துவாயால் மடித்த யானை ஒன்று.
ஆகவே கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும்.

யோகாம்பிகை அக்கா கொப்பியோடு வந்தா.
மகள் ரொறன்ரோவிலிருந்து எடுத்துவிட்ட ரிக்கற்,
சிங்கப்பூரில் ஏறி ஐந்து இரவு.
அருமைத்துரை அண்ணை
சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப்
பேசாமல் நின்றார்.

சோறு தருவினமோ?
தருவினம், வெள்ளையாய், உதிரியாய்.
மோர்மிளகாயைப் பொரித்தே கொண்டுபோங்கோ,
அங்கே அடுப்பில்லை.
ஊறுகாய் சூட்கேசுக்குள்.
கைப்பையில் எண்டால் விமான நிலையத்திலேயே பறிப்பினம்.

வாந்தி வருமோ?
நடுக்கப்பலில், கீழ்த்தட்டில் அறை கேளுங்கோ.
இஞ்சித் துண்டொன்றைக் கடித்தபடி
அடிவானத்தைப் பாருங்கோ.
சுருண்டு படுத்தால்தான் கூடும்.

போன்?
ஏறின உடனே விமானப் படத்தை அமத்துங்கோ.
மறந்தால் வாற பில்லுக்கு
உழவுமெசின் லீசிங் பரவாயில்லை.

கரையில் இறங்கினால்
கப்பல் நேரத்தை நம்புங்கோ, போனை அல்ல.
நாலரை எண்டால் நாலரை.
ஓடிப்போய்க் கைகாட்ட அது டிப்போ பஸ் இல்லை.

கக்கூசில் தண்ணி இழுக்கும்போது
பெரிய சத்தமொன்று வரும்.
மூடியை மூடிவிட்டு அமத்துங்கோ.
(இதை அவ கேட்கவில்லை.
எங்கள் ஆட்களுக்கு நானாகவே சொல்லிவிடுவேன்.)

பெரிய பைகளை வாசலிலேயே வாங்குவினம்,
பின்னேரம் அறைக்கு வரும் என்றேன்.
பேனை நின்றது.
"துண்டு தருவினமோ?"
"பையில் அறை இலக்கம் ஒட்டியிருக்கும்."
"குடுத்த பை திரும்பி வருமெண்டு ஆர் சொன்னது?"
நான்தான் சொன்னேன்.
நான்தான் காவிக்கொண்டுபோய்க் கதவடியில் வைத்தவன்.
அவ எழுதவில்லை.

"அப்ப கையில சின்னப் பை ஒண்டு வையுங்கோ.
பாஸ்போட், குளிசை, ஒரு மாத்துடுப்பு."
அது எப்பவும் கட்டித்தான் கிடக்கு என்றா.
குளிசை, ரோச், பிள்ளையளின் பிறப்புப் பத்திரம்,
காணி உறுதி.
"காணி உறுதி தேவையில்லை, அக்கா."
சிரித்தா.
வெளியே எடுப்பா என்று நான் நினைக்கவில்லை.

முதல் நாளே பயிற்சி ஒன்று வைப்பினம்.
சங்கு ஊதும்,
ஏழு குறில், ஒரு நெடில்.
அறையை விட்டு வந்து
சொன்ன இடத்தில் நில்லுங்கோ.
ஓடாதேங்கோ. குப்புறப் படுக்காதேங்கோ.
பயிற்சிதான்.

ரியூப்பை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன்.
அப்போதுதான் அண்ணை வாய் திறந்தார்,
தண்ணீரைப் பார்த்தபடி.
"ஏறேக்க பேர் வாசிப்பினமோ?"

அக்கா முன்னம் ஒருமுறை கப்பலேறியவ.
மாத்தளன் கரை, தொடையில் ஷெல் துண்டு,
வள்ளத்தில் கிடத்தி
ஆழத்தில் நின்ற கப்பலுக்கு.
பட்டியலில் அவ பேர் இருந்தது.
அவர் பேர் இல்லை.
பதினொரு மாதம்
மற்றவர் இருக்கிறாரோ என்று
ஒருவருக்கும் தெரியாது.

"இல்லை அண்ணை, பேர் வாசிக்கிறேல்ல.
அட்டையைக் காட்ட டிங் எண்டும்,
உள்ள போகலாம்.
ரெண்டு அட்டையிலும் ஒரே அறைதான்."
"முதல் ஆர் ஏறுறது?"
"ஆரும் ஏறலாம்."
அக்கா கொப்பியை மூடினா.
"இந்தமுறை நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குமிழி வந்தது, வால்வடியில்.
அங்கே ஒட்ட இயலாது.
புது ரியூப் போட்டேன்.
காசு வாங்கவில்லை என்றால் கதை நல்லாயிருக்கும்.
வாங்கினேன்.

தார் றோட்டுவரை போனவ திரும்பி வந்து கேட்டா,
"அந்தத் துவாய் யானை,
அதை வீட்டுக்குக் கொண்டுவரலாமோ?"

ஏலாது, அக்கா.
எண்ணித்தான் வைப்பினம்.