நாலு மணி நேரம்

சர்க்கரை உள்ளவர்களுக்கு
கண்ணின் பின்சுவரைப் பார்க்க வேண்டுமாம்.
கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில்
மூன்று தரம் சொட்டு விட்டாள் ஷம்ஷாத் சிஸ்டர்.
எரிந்தது.
அரைமணி கழித்து டார்ச் அடித்து
"ம், விரிஞ்சிடுச்சு" என்றாள்.
எது?
"கண்ணுப் பாப்பா. வெளிச்சம் பட்டாலும் சுருங்காது இனி,
நாலு மணி நேரத்துக்கு."

நாற்பத்தாறு வருஷமாக
என்னைக் கேட்காமலே உள்ளே ஒரு வேலை நடந்திருக்கிறது.
தீக்குச்சி உரசும்போது,
மண்டியின் தகரக் கூரையைவிட்டு
வெயிலுக்குள் கூடை தூக்கும்போது,
யாரோ கதவை அளந்து சாத்தியிருக்கிறார்கள்.
ஒருநாள் கூலி கேட்டதில்லை.
இன்றைக்குத்தான் லீவு.

வெளியே வந்தேன்.
கோட்டை மலை இருந்த இடத்தில்
சுண்ணாம்பு கரைத்து ஊற்றியிருந்தார்கள்.
பஸ் பலகையில் எழுத்தே இல்லை, மஞ்சள் மட்டும்.
"ராயக்கோட்டைங்களா?"
"ஏறும்மா" என்றது ஒரு சட்டை.
மீதிச் சில்லறையைக் கட்டைவிரலால் படித்தேன்.

"ஏம்மா அழுவுற?"
சொட்டு மருந்துங்க என்றேன்.
கண்டக்டர் நம்பவில்லை.
பக்கத்துச் சீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்:
"எல்லாம் சரியாப் பூடும்."
எதுவென்று அவள் கேட்கவில்லை.
இரண்டு மடக்கு குடித்தேன்.

ஊருக்கு முந்தின வளைவில்
ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது தக்காளி.
பதினஞ்சு கிலோ பெட்டி அறுபது ரூபாய்,
வண்டி வாடகைக்கே பத்தாது என்று
இறக்காமல் கவிழ்த்துவிட்டுப் போன லோடு.
பங்குனி முழுக்க இப்படித்தான்.
தினமும் கண்ணை இடுக்கிக்கொண்டு தாண்டுகிற இடம்.
மாடு தின்னும், ஈ மொய்க்கும்,
நான் அந்தப் பக்கம் திரும்பி
தைல மரங்களை எண்ணுவேன்.
இன்றைக்கு இடுக்கினேன்,
இமைதான் மூடியது.
சிவப்பு அதற்குள்ளும் வந்தது.
முதல் ரகம், ரெண்டாம் ரகம், ஒடசல்
என்று என் விரல் பிரித்தது அத்தனையும்
ஒரே ரகமாக எரிந்தது.
அதில் மாதப்பன் தோட்டத்துக் காயும் இருக்கும்.
போன மாசம்
"அக்கா, நல்லாப் பாத்துப் போடு" என்றவன்.

நாலு மணி என்றது ஆறானது.
ராத்திரி கண்ணாடி முன் நின்று
செல்போன் டார்ச்சை அடித்தேன்.
இடது கண் ஒப்புக்கொண்டது.
வலது இன்னும் முறைத்துக்கொண்டிருந்தது.
அணைத்து, மறுபடி அடித்தேன்.

மிளகு
மெல்ல, மனமில்லாமல்,
கடுகானது.