முள்

லூடெரிட்ஸிலிருந்து நாற்பது மைல் மேற்கே,
பனிமூட்டத்துக்குள் எங்கள் கப்பல்.
மற்றவர்கள் பிடிக்கிறார்கள்.
பிடித்ததை நிறுத்து, எழுதி,
அரசாங்கத்துக்கு அனுப்புகிறவள் நான்.
அதனால் என்னோடு யாரும் அதிகம் பேசுவதில்லை.

வலை கொட்டியது.
கூடை நிறைய ஹேக் மீன். கொக்கியில் மாட்டினேன்.
பள்ளத்திலிருந்து அலை எங்களைத் தூக்கத் தொடங்கியபோது
முப்பத்து மூன்று கிலோ.
உச்சிக்கு வந்து, கப்பல் சரியத் தொடங்கியதும்
இருபத்தேழு.
ஆறு கிலோ எங்கே போயிற்று?
கூடையில் அதே வாய்கள், அதே வால்கள்.

"இப்போது எழுது" என்றார் கேப்டன் லொரெய்ரோ,
சரியாக அலையுச்சியில்.
அடுத்த கூடைக்கும், "இப்போது."
கடலின் மூச்சு அவருக்கு மனப்பாடம்.
ஒவ்வோர் உச்சியிலும் மூன்று கிலோ
கணக்கில் ஏறாமல் குளிரறைக்குள் இறங்கும்.
ஆயிரம் கூடைக்கு எவ்வளவு என்று
அவருக்கும் தெரியும், எனக்கும்.

ஒரு மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.
எம்பும்போது முள் ஏறும்,
அந்தரத்தில் இருக்கும் கணம் இறங்கும்,
விழுந்ததும் மறுபடி ஏறும்.
அடங்கிய பிறகுதான் தன் எடையைச் சொன்னது.
கடல் அடங்கட்டும் என்று
அப்படிக் காத்திருக்க முடியுமா?

பையின் அடியில் கிடந்த இரும்புக் கட்டியை எடுத்தேன்.
கரையில் முத்திரை குத்திய பத்துக் கிலோ.
இரண்டாவது தராசில் அதைத் தொங்கவிட்டேன்.
கப்பல் எழும்பியது:
இரும்பு பதினொன்று, மீன் முப்பத்து மூன்று.
உச்சியில் தளர்ந்தது:
ஒன்பது, இருபத்தேழு.
இரும்பும் பொய்தான் சொல்லிற்று,
மீனோடு சேர்ந்து, மீனின் அளவுக்கே.
பொய்யைப் பொய்யால் வகுத்தேன்.
மூன்று. எந்த அலையிலும் மூன்று.
கையுறையைப் பல்லால் கழற்றி
மூக்கு ஒழுக ஒழுக
முப்பது கிலோ என்று எழுதினேன்.

கேப்டன் இரும்பைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
அதற்கப்புறம் "இப்போது" வரவில்லை.

அன்றிரவு சாப்பாட்டில் ஃபெஸ்டுஸ் எனக்கு வைத்த துண்டில்
நடுமுள் முழுதாக இருந்தது.
கோபமா, பெரிய துண்டு என்ற மரியாதையா,
கேட்கவில்லை.
ஒவ்வொரு முள்ளாக உருவித்
தட்டின் ஓரத்தில் அடுக்கினேன்.

படுக்கையில் நானும் அறுபது கிலோவாக இல்லை.
ஒருமுறை மெத்தை என்னை விழுங்கும்.
ஒருமுறை மறந்துவிடும்.

பதினேழாம் நாள் கரை.
சந்தையில் ஒரு கிலோ வெங்காயம் கேட்டேன்.
முள் ஒன்றில் வந்து நின்றது.
நான் காசை நீட்டவில்லை,
இன்னும் ஒருமுறை ஏறட்டும், இறங்கட்டும் என்று
பார்த்துக்கொண்டே நின்றேன்.
"ந்தஹாஃபா, என் தராசில் என்ன சந்தேகம்?"
கடைக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

என்ன சொல்ல?
அவளுடைய மேசை ஆடாமல் நின்றது.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
நான் நின்றேன்.