வேறொருவர் உள்ளே இருக்கிறார்

ஐந்து ரோட்டில் இரண்டாம் மாடி.
என் ஜன்னலில் மலை தெரியும்.
தெளிந்த நாளில், வளைவில் திரும்பும் பஸ்ஸின் கண்ணாடி
ஒருமுறை மின்னி அணைவதுகூடத் தெரியும்.
இவ்வளவு பக்கம்.
திரையோ சொல்கிறது:
தொலைவிலுள்ள கணினியுடன் இணைக்க முடியவில்லை.

நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்.
நாளை சம்பளம் போட வேண்டும்.
முதலாளி சென்னையில்,
கணக்கு மொத்தமும் அந்த ஒரு பெட்டிக்குள்.
போனில் இருதயமேரி. வேலையில் சேர்ந்து பன்னிரண்டு நாள்.
'இன்னும் இதத் தொட விடலீங்க, நான் நோட்டுலதான் எழுதறேன்.
பெட்டி உயிரோடதான் இருக்கு. விசிறி சத்தம் கேக்குது.'

பிங் அடித்தேன்.
கிணற்றில் போட்ட கல் சத்தமே எழுப்பவில்லை.

ரௌட்டரில் என்ன விளக்கு எரிகிறது?
'மூணு பச்சை, ஒண்ணு செவப்பு... இல்ல, அதுவும் பச்சை.
அன்னிக்கு இடி விழுந்துச்சுல்ல,
புதுசா ஒண்ண மாட்டிட்டுப் போனாங்க.'

அதுதான். புது ரௌட்டர், புது முகவரி.
வீடு மாறியதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
மாட்டியவர்கள் விட்டுப்போன சீட்டிலிருந்து
எண்களை வாசித்தாள்,
ரேஷன் கடையில் கார்டு எண் சொல்வதுபோல்
புள்ளிக்குப் புள்ளி நின்று.

நான்கு அனுப்பினேன். மூன்று திரும்பி வந்தன.
மலையில் மேகம் இறங்கினால் அவ்வளவுதான்.

அடுத்தது வாசல்.
மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது.
பழைய ரௌட்டரில் திறந்திருந்தது, புதியதில் சாத்தியிருந்தது.
அவள் செல்போனிலேயே பக்கத்தைத் திறக்கச் சொல்லி
பெட்டி பெட்டியாக நிரப்ப வைத்தேன்.
இப்படி ஊர் பார்க்கத் திறந்து வைக்கக் கூடாது, தெரியும்.
முடிந்ததும் மூடு என்று
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

மறுபடி.
நீல வட்டம் சுற்றி, சுற்றி, நின்றது:
வேறொருவர் உள்ளே இருக்கிறார்.
தொடர்ந்தால் அவர் சேமிக்காத வேலை அழிந்துபோகும்.

யாருங்க அங்கே?
'நான் மட்டுந்தாங்க.'
ஸ்தனிஸ்னு போட்டிருக்கே.
கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும்.
'அவரா. எடை விசயமா வாய்ச்சண்டை ஆயி
அப்பிடியே எந்திரிச்சுப் போயிட்டாரு.
இது அவரு நாற்காலிதாங்க.'

பத்தொன்பது நாளாக உள்ளேயே இருக்கிறான்.
இடியிலும் யு.பி.எஸ். அவனை விடவில்லை.

இரண்டாம் லைனில் முதலாளி:
'அடிச்சுத் தூக்குங்க சார், நமக்கு டைம் இல்ல.'
ஆம், இல்லை.
ஆம் மேல் அம்பு நின்றது.

கீபோர்டைத் திருப்பிப் பாருங்க என்றேன் மேரியிடம்.
எல்லா ஆபீஸிலும் அங்கேதான் ஒட்டியிருப்பார்கள்.

அவன் பெயரில் நுழைந்தேன்.
விட்ட இடத்திலேயே இருந்தது எல்லாம்.
பெயர் வைக்காத ஒரு எக்செல் தாள். இரண்டு பத்தி:
தராசில் நின்றது. பில்லில் ஏறியது.
வெள்ளச்சி 41, 36.
சின்னப்பொண்ணு 38, 33.
சடையன் 52, 47.
ஒரு நாள்கூடத் தவறாமல் ஐந்து ஐந்து கிலோ
எங்கோ ஆவியாகியிருந்தது.
அறுபத்திரண்டாவது வரி: பொன்னாயி 4
அதோடு நிற்கிறது. பக்கத்தில் கோடு துடிக்கிறது.
நாற்பதா, நாற்பத்தாறா,
எழுந்து போனவனுக்கு மட்டுமே தெரியும்.

நான் உள்ளே போனால் அங்கே திரை பூட்டிக்கொள்ளும்.
'என்னங்க தெரியுது?' என்கிறாள் மேரி.

முதலில் சேமித்தேன். பெயர் கேட்டது.
'எடை' என்று அடித்தேன்.

நோட்டும் பேனாவும் இருக்கா?
'இருக்குங்க.'
வெள்ளச்சி, நாற்பத்தொண்ணு, என்று ஆரம்பித்தேன்.
'மெதுவா சொல்லுங்க' என்றாள்.
'அந்தத் தராச நானும் பாத்தேன்.'

இரண்டாம் லைன் மினுக்கிக்கொண்டே இருக்கிறது.
ஜன்னலில் மலை இல்லை, மேகம் இறங்கிவிட்டது.
உள்ளங்கை மை வியர்வையில் கலங்குகிறது.
மூடத்தான் போகிறேன்.
அவள் இப்போது பதினேழாம் வரியில்தான் இருக்கிறாள்.