அறிவிக்க ஏதும் உண்டா

பாலத்தின் நடுவில் நிற்கிறேன்.
முன்னால் நாற்பது லொறி.
இந்தப் பக்கம் டிட்ராய்ட், அந்தப் பக்கம் வின்சர்,
கீழே ஆறு, இருட்டில் அதற்கு நிறமில்லை.
ரேடியோக்காரன் நிறம் நிறமாய்ச் சொல்கிறான்:
இந்த மாநிலம் சிவப்பு, அந்த மாநிலம் நீலம்.
எனக்குத் தெரிவதோ
முன்லொறியின் பிரேக் விளக்கு.
அதுவும் சிவப்புத்தான்.
அதை வைத்து நான் எதையும் ஊகிக்கவில்லை.

காலையில் கொண்டுபோனது கார் இருக்கைகளின் சட்டம்.
அங்கே வளைத்து, இங்கே பூச்சடித்து,
மறுபடி அங்கே துணி போர்த்தி, மறுபடி இங்கே,
ஒருவர் வந்து உட்காரும் முன்பே
ஐந்து தடவை பாலம் ஏறிவிடுகிறது ஒரு இருக்கை.
என்னைவிட அதிகம் பயணம் செய்த இருக்கைகளும் உண்டு.
ஒவ்வொரு தடவையும் வரி என்றால்
அது எந்தக் கரையில் நின்றுபோகும்?
நான் எந்தக் கரையில்?
மேடையில் ஒருவர் ஒரு சொல் சொன்னார்,
கைதட்டினார்கள்.
எங்கள் டிஸ்பாச்சர் பிரெண்டன்
அடுத்த மாத அட்டவணையைப் பென்சிலால் எழுதத் தொடங்கினான்.

எட்டரை மணி என்றாள் நிரோஜினி, வவுனியாவில் காலை.
இங்கே இரவு பத்து.
வேலைக்குள் போகுமுன் போனை லொக்கரில் வைக்கவேண்டும்,
கெதியாச் சொல்லு அண்ணா, ஆர் வெல்லுகினம்?
அவள் தைக்கும் பனியன்களின் கழுத்துப் பட்டியில்
நான் டீசல் அடிக்கிற ஊரின் கடைப்பெயர்.
கார்த்திகைக்குப் பிறகு ஓவர்டைம் இருக்குமோ என்று
சூப்பர்வைசருக்கே தெரியாதாம்.
இன்னும் எண்ணுறாங்கள் என்றேன்.
நீ போட்டனியோ என்றாள்.
எனக்கு அங்கே வாக்கில்லையடி.
அப்ப ஆருக்குத்தான் இருக்கு என்று வைத்துவிட்டாள்.

வின்சரில் ஒரு தடவை போட்டிருக்கிறேன், நகரசபைக்கு.
குப்பை எடுக்கும் நாள் வியாழனிலிருந்து செவ்வாயானது.
வாக்கின் பலனைக் கண்ணால் கண்டது
அந்த ஒரு தடவை.

இருபது வயதில் ஒரு சனாதிபதித் தேர்தல்.
எங்கள் பக்கம் போடவில்லை.
போடவிடவில்லை என்பாரும் உண்டு,
இரண்டும் ஒரே நாளில்தான் நடந்தது.
பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பெட்டி இருந்தது.
அலுவலர்கள் ஆறு பேர் பகலெல்லாம் கடதாசி விளையாடினார்கள்.
நான் மதிலுக்கு இந்தப் பக்கம் சைக்கிளில் நின்று
ஒரு காலை ஊன்றியபடி பார்த்தேன்.
மாலையில் ஒருவன் பெட்டியைத் தூக்கினான்,
ஒற்றைக் கையால்.
அந்த வெறும் பெட்டியின் எடை
நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.
நாங்கள் போடாத வாக்குகளை எண்ணினார்கள்.
பிறகு எங்களை எண்ணினார்கள்.
பிறகு எண்ணவுமில்லை.

லொறி ஒரு முழம் நகர்கிறது.

மன்றோவில், நெடுஞ்சாலை ஓரத்து உணவுக்கடையில்
டார்லீன் மூன்றாம் தடவையாய்க் கோப்பி ஊற்றினாள்.
நெஞ்சில் வட்டமாய் ஒரு ஸ்டிக்கர்: நான் வாக்களித்தேன்.
ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.
அவளாகவே சொன்னாள், முட்டை விலையும் சொன்னாள்,
மகனின் இன்சுலின் விலையும் சொன்னாள்.
நீ யாருக்குப் போட்டாய்?
நான் அக்கரைக்காரன் என்றேன்.
அதிர்ஷ்டசாலி, உனக்கு இதில் ஒன்றுமில்லை
என்று தோளில் தட்டினாள்.
நல்ல மனுசி.
மறுத்துச் சொல்ல அரைமணி வேண்டும்,
எனக்கோ பார்க்கிங் நேரம் முடிகிறது.

கூண்டுக்கு வந்துவிட்டேன்.
இளம் அதிகாரி. கண்ணில் நித்திரை.
எங்கேயிருந்து? பெட்டியில் என்ன?
காலி என்றேன்.
அறிவிக்க ஏதும் உண்டா?
உண்டு, எங்கே தொடங்க?
இல்லை என்றேன்.

அவன் டோர்ச் என் தோளில் நின்றது.
குனிந்து பார்த்தேன்.
தட்டிய கையிலிருந்து எப்படியோ
சட்டைக்கு வந்திருக்கிறது அந்த வட்டம்.

வாக்களித்தீர்களா? அங்கே?
சட்டம் தெரிந்தவன் குரல், சற்றே விழித்துக்கொண்டது.

இல்லை ஐயா.
ஒட்டிக்கொண்டது.

ஒரு கணம் பார்த்தான்.
கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தான்.
தடுப்புக் கம்பம் எழுந்தது.
ரேடியோவில் இன்னும்
மிச்சிகனை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.