ஆட்டுத்தோலில் ஒரு துளை

கொண்டாரில் விடிவதற்கு முன் குளிர் கடிக்கும்.
என் நீல ஆட்டோவின் பின்னிருக்கையில்
கால் மடக்கி உட்கார்ந்து வாசிக்கிறேன்.
பெரிய நோன்பின் முப்பதாம் நாள்.
வெண்ணெய் இல்லை, பால் இல்லை.
வாயில் மட்டும் தம்பியின் பெயர்,
மென்று மென்று தீராத இறைச்சி.

கெத்தாஹுன்.
அப்பாவின் தெஃப் வயலை விற்றுவிட்டு
பஹிர் தாருக்குப் போனவன்.

தோல்நூல் இது. பழைய கீஸ் மொழி.
எழுத்துக் கூட்டத் தெரியும்,
பாதிக்கு மேல் பொருள் தெரியாது.
தெரிந்த பாதியில்
ஓர் அரசன் ஒரு நகரத்தை முற்றுகையிடுகிறான்.
ஆறு வருடமாக வாசிக்கிறேன்.
ஆறு வருடமும் அரசன் நான்.
வேல் என்னுடையது, குதிரை என்னுடையது,
மதிலுக்குள் பதுங்கியவன் அவன்.
தினமும் ஒரு கல்லாவது பெயர்த்துவிட்டுத்தான்
வண்டியைக் கிளப்புவேன்.
அதனாலோ என்னவோ
முதல் சவாரியிலேயே யாரோடாவது சண்டை.
நேற்று ஐந்து பிர்ருக்காக
ஒரு கர்ப்பிணியை ஏற்றத்தின் பாதியில் இறக்கிவிட்டேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கூடையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

இன்றும் அதே பக்கம்.
நகரத்துக்கு ஒன்பது வாசல் என்கிறது.
இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.
கண் இரண்டு, காது இரண்டு,
மூக்கில் இரண்டு.
ஏழாவதில் விரல் நின்றுவிட்டது.
திறந்தே கிடக்கிறது இந்த வாயில்.
நாக்கு அங்கே குந்தியிருக்கிறது,
வருவோர் போவோரிடமெல்லாம்
சுங்கம் பிடுங்கிக்கொண்டு.

மதிலுக்குள் இருப்பவன் தம்பி இல்லை.
அவன் பஹிர் தாரில் தூங்கிக்கொண்டிருப்பான்.

அடுத்த வரியில் தோலில் ஒரு துளை.
ஆடு உயிரோடிருந்தபோது முள் கிழித்ததோ,
உரித்தவன் கத்தி சறுக்கியதோ.
எழுதியவர் தைக்கவில்லை, ஒட்டுப் போடவில்லை.
சொல்லை இக்கரையில் நிறுத்தி
அக்கரையில் தொடர்ந்திருக்கிறார்:

அவன் அடங்          கினான்

முற்றுகையிட்டவனா, உள்ளே இருந்தவனா?
குருவானவரைக் கேட்டால் சொல்வார்.
கேட்கப் போவதில்லை.
துளை வழியே அடுத்த பக்கத்தின்
ஒரு சிவப்பு எழுத்து தெரிகிறது,
பாதி மட்டும்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
வயல் விற்ற பணத்தில் பாதியை
அவன் எனக்கு அனுப்பினான்.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.
இந்த வண்டிக்கு முன்பணம் அதுதான்.

வெளிச்சம் வந்துவிட்டது.
நூலைத் தோலுறையில் இட்டு
கண்ணாடிக்குக் கீழே மாட்டுகிறேன்.
ஏற்றத்தின் அடியில் அதே பெண், அதே கூடை.
பிரேக் பிடிக்கிறேன்.
ஏறலாமா வேண்டாமா என்று
அவள் என் வாயைப் பார்க்கிறாள்.