ஐந்து நிமிடப் பசை

டப்பாவில் ஐந்து நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறது.
சித்திரை மாதத்து ஞானஒளிவுபுரம்
அதை மூன்றரையாகக் குறைத்துவிடும்.
பால்சா தூள் பறக்காமலிருக்க
ஃபேனை நிறுத்தியாயிற்று.
முழங்கை வியர்வை செய்தித்தாளில் சொட்டுகிறது,
நகைக்கடன் விளம்பரத்தின் மேல்.

கிடைவால் நேற்றே ஒட்டியாயிற்று.
இறக்கை நுனியிலிருந்து வால் நுனிவரை
நூல் பிடித்து அளந்தேன்.
இடப்பக்கம் எழுபத்தொன்று.
வலப்பக்கம் எழுபத்தொன்றே சொச்சம்.
அந்தச் சொச்சத்துக்கு ஒரு மணி நேரம்
உப்புத்தாள் தேய்த்தேன்.

போன விமானம் அந்தச் சொச்சத்தில்தான் போயிற்று
என்று அமீர்ஜானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
மேலூர் தாண்டி, காய்ந்த கண்மாய்க்குள்,
சீமைக்கருவேல முள்ளில் தொங்கியது.
ஆடு மேய்க்கிறவர் தொரட்டியால் இழுத்துக் கொடுத்துவிட்டு
"இது என்ன வெலை தம்பி" என்றார்.
சொல்லவில்லை.
சொன்னால் மந்தையைத் திரும்பிப் பார்த்து
எத்தனை ஆடு என்று எண்ணுவார்.

இன்று நிற்கும் வால்.
தொண்ணூறு டிகிரியில் நிற்க வேண்டும்,
பசை இறுகும்வரை.
அமீர்ஜான் இதற்கென்று கிளாம்ப் வைத்திருக்கிறான்.
எனக்கு இரண்டு விரல்,
ஜியாமெட்ரி பெட்டியில் மிஞ்சிய ஒரு மூலைமட்டம்.
தடவினேன். வைத்தேன். பிடித்தேன்.

போன் அடித்தது.

"பிலோமி அக்கா வீடு."
அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன்.
வீடு என்ற அந்தச் சொல்லில்தான்
எங்களுக்குள் வழக்கு.
பதினான்கு மாதம் கழித்து அடிக்கிறது.

முழுக்க அடித்து ஓய்ந்தது.
மறுபடி அடித்தது.
மேசை அதிர்ந்து, அதிர்வு மரத்தில் ஏறி
விரலுக்கு வந்தது.
வால் மயிரிழை சாய்ந்தது. நிமிர்த்தினேன்.
குனிந்து மூக்கு நுனியால்
பச்சை வட்டத்தைத் தள்ளிப் பார்த்தேன்.
வியர்த்த மூக்கைத் திரை மதிக்கவில்லை.

ஓய்ந்தது.

நகத்தால் தட்டினால் டக்கென்கிறது பசை.
இனி அசையாது.
கீல் கோத்து, கொம்பு திருகி,
கம்பியை மாட்டி, ரிமோட்டை எடுத்தேன்.
குச்சியை இடப்பக்கம் தள்ள
சுக்கான் வலப்பக்கம் திரும்பியது.
பரவாயில்லை, அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு.

சுவிட்ச் இல்லாதது வேறொன்று.
விமானம் நம்மை விட்டுப் போகும்போது
அதன் இடம் நமக்கும் இடம்.
திரும்பி நம்மை நோக்கி வரும்போது
அதன் இடம் நமக்கு வலம்.
கண்மாயில் விழுந்தது சொச்சத்தால் அல்ல.
அது திரும்பி வந்துகொண்டிருந்தது.
நான் தப்பான பக்கம் தள்ளினேன்.

போனை எடுக்கிறேன்.
கட்டைவிரல் ரேகையெல்லாம் பசை.
யார் என்று தெரியவில்லை அதற்கு,
மறுபடி வை என்கிறது.

உரித்துக்கொண்டிருக்கிறேன்.